ஊர் ‘எட்டப்பன்’ என்கிறது, சன்மானத்தைக் கேட்கலாமா?

நீலகிரி மாவட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ வழக்கையோ யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியும் சிலவற்றை விட்டும் அதைச் சுருக்கித் தருகிறேன்.

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலைகள் கூடும் ஓர் இடத்தில், மளிகையும் டீக்கடையும் சேர்த்து நடத்துகிறார் இவர். சில மாதங்களுக்கு முன்பு மேஸ்திரி ஒருவருடன் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு வந்த ஒருவர், இவருடைய மாமியார் வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்குத் தங்கினார். அறையைக் கொடுத்தவர் இவருடைய மைத்துனர். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆளுக்குக் கவாத்துக் கத்தியைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை என்பதையும், காலை 7.40 மேட்டுப்பாளையம் பஸ் கடை முன்னால் நிற்கும்போதெல்லாம் டீ கிளாஸோடு சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதையும் இவர் கவனித்திருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, சமவெளியில் நகைக்காக ஒரு மூதாட்டி கொல்லப்பட்ட வழக்கில் தேடப்படுபவர் என்று தொலைக்காட்சியில் காட்டிய படத்தில் அதே முகம், புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். வியாழக்கிழமைதான், கைதுக்கு உதவும் தகவல் தருவோருக்கு 2 லட்சம் ரூபாய் சன்மானம் என்ற அறிவிப்பு நாளிதழில் வந்தது. பஸ் நிலையத்திலும் ஒட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை இவரே மறுபடியும் போன் செய்து, அந்த ஆள் எந்த அறையில் படுக்கிறார், எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதையெல்லாம் சொன்னார். சனிக்கிழமை விடியற்காலை, மூடுபனியில், கைது நடந்தது. ஜீப்பின் பானெட் மேல் வைத்து ஒரு தாளில் இவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். அதை மேஸ்திரி பார்த்துவிட்டார்.

அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. “ரெண்டு லட்சம் வந்தா எங்களுக்கு என்ன வாங்கித் தரப் போறீங்க?” என்று சிலர் கேட்கிறார்கள். சிலர் கடைப்பக்கமே வருவதில்லை. வாட்ஸ்ஆப் குழுவில் ‘எட்டப்பன்’ என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள். இவர் முதலில் போன் செய்தபோது பணமே அறிவிக்கப்படவில்லை என்பதை நம்ப ஆள் இல்லை. ஐந்து மாதமாகியும் சன்மானம் வரவில்லை. மேஸ்திரி, தானும் தகவல் கொடுத்ததாகப் பங்கு கேட்கிறாராம். இவற்றையெல்லாம்விட இவரை உறங்கவிடாதது வேறொன்று. கைதானவரின் மனைவி குழந்தையுடன் ஒரு நாள் கடைக்கு வந்து, குழந்தைக்கு ஒரு பன் வாங்கிக் காசைக் கொடுத்துவிட்டு, “அண்ணே, எவ்வளவு குடுத்தாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சன்மானத்துக்கு வழக்குப் போடலாமா, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு கொடுக்கலாமா, வாட்ஸ்ஆப்பில் எழுதியவர் மீது அவதூறு வழக்குத் தொடுக்கலாமா, அல்லது பணத்தைக் கோயிலுக்குக் கொடுப்பதாகத் திருவிழாவில் மைக்கில் அறிவித்து இந்தப் பழியைத் துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் யோசித்து வைத்திருக்கும் நான்கு வழிகளுக்கும் ஒரு பொதுத்தன்மை இருப்பதை முதலில் காட்ட விரும்புகிறேன்: ஒவ்வொன்றும் உங்கள் பெயரை இன்னொரு தாளில், அல்லது இன்னொரு கூட்டத்தின் காதில், ‘தகவல் கொடுத்தவர்’ என்று பதிய வைக்கும். இந்த விஷயத்தில் சட்டம் உங்களுக்குத் தரும் மிகப் பெரிய பாதுகாப்பு ரகசியம். ஊரின் பேச்சு சுடச்சுட, அந்தப் பாதுகாப்பை நீங்களே களைந்துவிடத் துடிக்கிறீர்கள். அது இயற்கை என்றாலும், கொஞ்சம் நிதானியுங்கள்.

நீங்கள் செய்தது தவறா என்ற கேள்வியை நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அதுதான் இருக்கிறது. தவறு இல்லை. கொலை, கொள்ளை போன்ற குற்றங்கள் நடந்ததை அறிந்தவர், தக்க காரணம் இல்லாமல் காவல் துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ தெரிவிக்காமல் இருக்கக் கூடாது என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது இந்தச் சட்டம்தான். தலைமறைவானவர் இருக்கும் இடத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்று அந்தப் பிரிவு நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் தேடப்படுபவர் என்று தெரிந்த பிறகும் அவரைத் தப்பவைக்கும் நோக்கத்தோடு இடமளிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி தண்டனைக்குரிய குற்றம். செவ்வாய்க்கிழமை இரவுக்குப் பிறகு உங்கள் குடும்பம் பேசாமல் இருந்திருந்தால், அந்தப் பின்பக்க அறை உங்கள் மைத்துனரைத்தான் முதலில் சிக்கலில் மாட்டியிருக்கும்.

‘எட்டப்பன்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்ற கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். எட்டயபுரம் பாளையக்காரர் கம்பெனியின் பக்கம் நின்றதால் அந்தப் பெயரே தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது. கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தன் மண்ணுக்காகப் போராடியவரை அந்நியரிடம் ஒப்படைப்பதற்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் ‘எட்டப்பன்’. ஒரு மூதாட்டியின் காதையும் கழுத்தையும் அறுத்து நகையை எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரை, அந்த வழக்கை விசாரிக்க வேண்டிய நீதிமன்றத்தின் முன்னால் வரவைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ஆனால் உங்கள் ஊரின் தயக்கத்தை வெறும் பொறாமை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. நம் மலையை ஒட்டிய சத்தியமங்கலம் காட்டுப் பக்கத்தில், வீரப்பன் கொல்லப்பட்ட 2004 அக்டோபர் வரை நடந்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ‘இன்ஃபார்மர்’ என்ற சந்தேகம் விழுந்தவர்களை வீரப்பன் கும்பல் கொன்றது. கும்பலுக்கு உதவியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்களை அதிரடிப்படை வதைத்தது என்ற புகார்களைத் தேசிய மனித உரிமை ஆணையம் நியமித்த குழு விசாரித்தது. பாதிக்கப்பட்ட பலருக்கு இழப்பீடும் வழங்க வேண்டியிருந்தது. தலைக்குக் கோடிகளில் விலை வைக்கப்பட்ட அந்தக் காலத்தில், பணத்தைப் பார்த்தவர்களைவிட அடி வாங்கியவர்களே அதிகம். ஆகவே ‘சன்மானம்’ என்ற சொல் சுவரொட்டியில் ஏறியதும் மலைக்காரர்கள் ஒதுங்கி நிற்பதற்கு ஒரு நினைவு இருக்கிறது. உங்களிடம் கடன் கணக்கு வைத்திருந்த ஜார்க்கண்ட் தொழிலாளர்கள், கைதுக்கு அடுத்த வாரம் போலீஸார் லைன் வீடுகளில் ஆதார் அட்டை கேட்ட பிறகு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் தங்கள் முகத்தையும் ஒருவர் உற்றுப் பார்க்கிறார் என்ற அச்சம் வந்துவிட்டது. அவர்களிடம் போய் இந்த வழக்கைப் பற்றி விளக்கம் சொல்லாதீர்கள். பழைய கணக்கு நோட்டை அப்படியே திறந்து வையுங்கள். வந்தால் முன்பு போலவே கடன் கொடுங்கள்.

சன்மானம் உங்கள் உரிமையா?

“அரசு அறிவித்துவிட்டது, நான் செய்துவிட்டேன், எனவே கொடுத்தே ஆக வேண்டும்” என்கிறீர்கள். பாதி சரி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, பொது அறிவிப்பில் சொன்ன நிபந்தனையை ஒருவர் நிறைவேற்றினால் அதுவே சம்மதமாகிவிடும். ஆனால் அறிவிப்பைத் தெரிந்துகொண்டு நிறைவேற்றியிருக்க வேண்டும். சட்டக் கல்லூரியில் முதலாண்டிலேயே படிக்கும் 1913ஆம் ஆண்டு அலகாபாத் வழக்கு ஒன்று உண்டு: காணாமல்போன சிறுவனைத் தேடும்படி முதலாளி தன் கணக்குப்பிள்ளையை அனுப்பினார், பிறகுதான் கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் தருவதாகத் துண்டறிக்கை வெளியிட்டார். அது தெரியாமலேயே சிறுவனைக் கண்டுபிடித்த கணக்குப்பிள்ளை பின்னர் பணம் கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார். லால்மன் சுக்லா வழக்கு என்று பெயர்.

உங்கள் செவ்வாய்க்கிழமை அழைப்பு அந்தக் கணக்குப்பிள்ளையின் நிலையில் இருக்கிறது. ஊர் முன்னால் உங்கள் மனச்சாட்சிக்குச் சான்றாக நிற்கும் அதே அழைப்பு, நீதிமன்றத்தில் உங்கள் உரிமையைக் குறைக்கிறது என்பது வேதனைதான். ஆனால் வெள்ளிக்கிழமை அழைப்பு வேறு. அறிவிப்பைப் படித்த பிறகு, கைதுக்கு உண்மையில் உதவிய விவரத்தை அப்போதுதான் கொடுத்தீர்கள். தொகையும் ‘தக்க சன்மானம்’ என்று பொத்தாம்பொதுவாக இல்லாமல் 2 லட்சம் என்று குறிப்பாக இருந்தது. இவை உங்கள் பக்கம் வலுச் சேர்ப்பவை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசுக்குத் தகவல் தந்த ஒருவர் சன்மானம் கேட்டுத் தொடுத்த வழக்கில், அத்தகைய வெகுமதி அரசு விரும்பிக் கொடுக்கும் தொகையே, உரிமையாகக் கோர முடியாது என்ற நிலைப்பாட்டை 2003இல் உச்ச நீதிமன்றம் எடுத்தது. அது துறைக்குள் வெகுமதி வழங்குவதற்கான நெறிமுறைகளைப் பற்றிய வழக்கு; உங்களுடையது குறிப்பிட்ட தொகையோடு பொதுமக்களுக்கு விடுக்கப்பட்ட அறிவிப்பு. அந்த வேறுபாட்டை வாதிடலாம். ஆனால் வெற்றி உறுதி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கென்று வந்தால் உங்கள் பெயர், ஊர், எந்த நாளில் என்ன சொன்னீர்கள் என்பதெல்லாம் திறந்த நீதிமன்றத்தின் ஆவணமாகும். கொலை வழக்கு முடியும் முன்பே அது நடந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, “பணத்துக்காக அடையாளம் காட்டினீர்களா?” என்று கேட்பார்.

எனவே நான் சொல்வது இது. ஒரு மூடிய உறையில், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, அறிவிப்பின் நகலை இணைத்து, இரண்டு அழைப்புகளின் நாளையும் நேரத்தையும் மட்டும் குறிப்பிட்டு, பெயரை ரகசியமாக வைக்கும்படி கோரி, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். உங்கள் செல்போன் அழைப்புப் பட்டியலைப் பாதுகாத்து வையுங்கள். ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குத் தொடுக்கப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து மாதம் ஒரு தாமதமே அல்ல. மேஸ்திரி பங்கு கேட்டால் காவல் துறையிடம் அவர் கேட்டுக்கொள்ளட்டும். அவருக்கு எழுதிக் கொடுக்கவோ, வாக்குக் கொடுக்கவோ, ஒரு ரூபாய் முன்பணம் தரவோ வேண்டாம்.

தகவல் உரிமை மனு, அவதூறு வழக்கு, கோயில் மைக்

தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(g) பிரிவு, சட்ட அமலாக்கத்துக்காக நம்பிக்கையின் பேரில் தகவல் தந்தவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை வெளியிடாமல் இருக்க அதிகாரிகளுக்கு இடம் தருகிறது. வேறு யாராவது மனுப் போட்டு உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அஞ்சியிருந்தீர்கள். அதற்கான பதில் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் நீங்களே உங்கள் பெயரில் மனுப் போட்டு ‘என் சன்மானம் என்ன ஆயிற்று’ என்று கேட்டால், பல மேசைகளைத் தாண்டும் அந்தத் தாளில் உங்களை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அவதூறு வழக்கும் அப்படித்தான். நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் தகவல் கொடுத்தவர் நீங்கள்தானா என்ற கேள்வியைத் தாண்டாமல் அந்த வழக்கு ஓர் அடிகூட நகராது. ஒரு வசைச்சொல்லுக்கு அந்த விலை அதிகம். மிரட்டல் வந்தால் கதை வேறு: ‘கடையைக் கொளுத்துவேன்’ என்று ஒரே ஒரு குரல் பதிவு வந்தாலும் அழிக்காமல் வைத்திருந்து, அன்றே எழுத்து மூலம் புகார் கொடுங்கள், ஏற்புச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயில் அறிவிப்பு வேண்டவே வேண்டாம். பணத்தை வாங்கினால் காட்டிக் கொடுத்தவன், வாங்காமல் தானம் செய்தால் நல்லவன் என்ற கணக்கை நீங்கள் ஊரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னது உண்மையாகவும் நல்லெண்ணத்தோடும் இருந்ததென்றால், அதன் பிறகு வரும் பணம் அதைக் கெடுக்காது. பொய்யாக இருந்திருந்தால் தானம் அதைக் காப்பாற்றியிருக்காது. தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து ஒருவரைப் பிடிக்கவைப்பது தனிக் குற்றம். பணம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது யாருக்கும் தெரியாமல் விரும்பியதைச் செய்யுங்கள். மைக் வேண்டாம்.

ஜீப் பானெட் மேல் போட்ட கையெழுத்து

அது ‘நான்தான் தகவல் கொடுத்தேன்’ என்ற வாக்குமூலம் என்று எண்ணி நடுங்கியிருக்கிறீர்கள். உங்கள் விவரிப்பிலிருந்து பார்த்தால் அது கைதுக் குறிப்பாணை. கைதின்போது அப்படி ஒன்று எழுதி, கைதானவரின் குடும்பத்தாரோ அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவரோ சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு கேட்கிறது. அந்த நேரத்தில் அங்கே விழித்திருந்த கடைக்காரர் நீங்கள். இவ்வளவு தகவல் தந்தவரிடமே அந்தக் கையெழுத்தை வாங்கியது காவல் துறையினரின் கவனக்குறைவு. வேறு யாரிடமாவது வாங்கியிருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் தாள் சொல்வது இவ்வளவுதான்: இந்த ஆள் இந்த இடத்தில் இந்த நேரத்தில் கைது செய்யப்பட்டார், நான் பார்த்தேன்.

நீதிமன்றம் அழைத்தால் போய் அதை அப்படியே சொல்லுங்கள். குற்றம் நடந்தது பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று வெளியிடும்படி காவல் அலுவலரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 131ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காப்பு காவல் அலுவலருக்கு எழுதப்பட்டது, உங்களுக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். கூண்டில் நிற்கும்போது உங்களிடமே நேராகக் கேட்டால், பதில் சொல்ல வேண்டுமா என்று நீதிபதியிடம் பணிவோடு கேளுங்கள். அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே இதைப் பேசி வையுங்கள். சத்தியப் பிரமாணம் எடுத்த பிறகு ‘நான் இல்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன அந்த ஒரு பொய்யே உங்கள் மீது வழக்காகத் திரும்பும்.

அச்சுறுத்தல் உண்மையானது என்று தோன்றினால், 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நடைமுறைப்படுத்திய சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் மாநிலங்கள் இத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது.

உங்கள் மாமியாரை நான்கு முறை ஸ்டேஷனுக்கு அழைத்து மாலை வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்கிறது அதே சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு. 60 வயதைக் கடந்தவருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. உங்கள் மாமியாருக்கு இரண்டும் பொருந்தும். அடுத்த முறை அழைத்தால், “வீட்டுக்கு வாங்க, டீ போட்டுத் தருகிறோம், கேட்பதைக் கேளுங்கள்” என்று மைத்துனர் மரியாதையோடு சொல்லட்டும். விசாரணையில் சொல்வதை எழுதிக்கொண்டாலும் அதில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தேடப்படுபவர் என்று தெரியாமல் அறை வாடகைக்கு விட்டது குற்றமல்ல. இனிமேல் அறை விடும்போது அடையாள அட்டை நகலை வாங்கிக்கொண்டு, வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்தப் பெண். அவர் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லாமல் நின்றது சரிதான். சொல்லியிருக்கக்கூடிய பதில் எதுவும் இல்லை. கைது என்பது தண்டனை அல்ல. அவர் கணவர் குற்றமற்றவராகக்கூட இருக்கலாம், அதை நீதிமன்றம் சொல்லும். காவலில் இருப்பவருக்கும், எந்த வருமானத்தில் இருந்தாலும் ஒரு பெண்ணுக்கும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. உதகை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ 15100 என்ற எண்ணையோ அவர் அணுகலாம். இது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் நீங்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டாம். பணமாகவோ அரிசியாகவோ எதையும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். கைதுச் சாட்சி ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தோடு பழகுகிறார் என்று இரு தரப்புமே திரித்துவிட முடியும். உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியையையோ, அந்தப் பெண் நம்பக்கூடிய வேறொரு பெண்ணையோ கொண்டு, உங்கள் பெயர் வராமல், அந்த எண்ணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் கைக்குச் சேரும்படி செய்யுங்கள்.